பந்து பொறுக்கும் வெர்னா

முதல் பியரின் நுரையை வெர்னா குடிப்பதில்லை. ஆள்காட்டி விரலால் வழித்துப் புல்லில் உதறி, விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுத்தான் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகிறாள். "நுரை மீசைக்காரங்களுக்கு. எனக்கு இருக்கிற மீசையே போதும்" என்கிறாள். அதன் பிறகு ப்ராட். கரியடுப்பில் தோல் வெடிக்கச் சுட்ட அந்தப் பன்றிக்கறிச் சாசேஜை ரொட்டிக்குள் வைத்து, கடுகுச் சாந்தை ஒரே கோடாக இழுத்து, புளித்த முட்டைக்கோஸை மேலே அமுக்கி, நுனியில் கடிக்காமல் நட்டநடுவில் கடிக்கிறாள். நுனியில் ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் மறுநுனி வழியாக மடியில் ஒழுகவிடுவார்கள் என்பது அவள் கட்சி. அவள் மடியில் ஒருநாளும் ஒழுகியதில்லை. பக்கத்தில் உட்காரும் என் மடியில் ஒழுகாத நாளில்லை.

ரோசெனாவில் கோடைக்காலத்து ஞாயிறு என்றால் சர்ச் முடிந்ததும் பேஸ்பால்தான். விஸ்கான்சினில் இப்படி எத்தனையோ சின்ன ஊர்களில் நடப்பதுதான். ஆடுகிறவர்களில் பால் லாரி ஓட்டுகிறவன் உண்டு, கணக்கு வாத்தியார் உண்டு, மாட்டுக்கு ஊசி போடுகிறவன் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. பார்க்க வருகிறவர்களும் ஆட்டத்தை மட்டும் பார்க்க வருவதில்லை. மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு சாலட், பொரித்த சீஸ், அண்டை வீட்டு வம்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து, வெயில் சாயும் வரை உட்கார்ந்திருப்பார்கள். பேஸ்பாலில் கடிகாரம் கிடையாது. ஆட்டம் தன் இஷ்டத்துக்கு முடியும். எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போன விஷயமே அதுதான்.

வெர்னா லுட்கே எழுபதைத் தாண்டியவள். இன்னும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அணியில் பாதிப் பேர் சின்ன வயதில் அவள் பேருந்தில் போனவர்கள் என்பதால், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவரவர் உட்கார்ந்த இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "கடைசி சீட்டு, இடுப்பை ஆட்டாம நில்லு. உங்கம்மா சர்ச்சுல பாடும்போது இப்படித்தான் ஆட்டுவா." முப்பது வயதுக்காரன், மனைவியும் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க, காது சிவந்துபோய் ஒழுங்காக நிற்பான். இடது கையால் மட்டை பிடிக்கும் தடியனுக்கு 'மூணாவது சீட்டு வாந்தி' என்று பெயர். இப்போது அது 'மூணாவது சீட்டு' என்று சுருங்கியிருக்கிறது. வளர்ந்தவனுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை அவ்வளவுதான். என்னை 'மருந்துக்காரி' என்பாள், ஊரின் ஒரே மருந்துக்கடை என்னுடையது என்பதால்.

அவள் நாற்காலி எப்போதும் வலது மூலையில், வேலிக்குப் பக்கத்தில் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் லூத்தரன் சர்ச்சின் கல்லறைத்தோட்டம். அங்கே போகிற பந்தை எடுத்து வருவது வெர்னாவின் பொறுப்பு. அவள் கணவன் நார்பர்ட் செய்துவந்த வேலை. அவன் வேலிக்கு அந்தப் பக்கமே நிரந்தரமாகப் போய்விட்ட பிறகு இவள் எடுத்துக்கொண்டாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பந்து வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிட்டால், அது எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அந்தக் குடும்பம் அடித்தவனின் அணிக்கு பியர் வாங்கித்தர வேண்டும். வெர்னா உள்ளே போய்ப் பார்த்து, குடும்பப் பெயரை உரக்கச் சொல்வாள். மரக்கூண்டுக்குள் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் க்ளெம் ஹூபர் அதை ஊருக்கே சொல்வான். எல்லாரும் கோப்பையைத் தூக்கி, செத்தவரின் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். "ஓட்டோ, உன் பேரன் பைக்குள்ள கையை விட்டுக் காசு எடுக்கிறான், எந்திரிச்சு வந்து பாரு" என்று ஒருவன் கத்துவான். ஓட்டோவின் பேரன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பான். பிணத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு லேசாக இருக்க முடியுமா என்று ஆரம்பத்தில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் நானும் கோப்பையைத் தூக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் எல்லாக் கல்லும் அப்படியில்லை. இங்கே புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கும், பெண்டாட்டி செத்தால் புருஷனுக்கும் சேர்த்தே கல் வெட்டிவிடுவார்கள். இடது பக்கம் அவன் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வலது பக்கம் அவள் பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வழவழவென்று வெற்றுக் கல். அவள் உயிரோடு, வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டிருப்பாள். ஊரில் அதை அரைக்கல் என்பார்கள்.

பந்து அரைக்கல்லில் நின்றால் பியர் கிடையாது. தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். அடித்தவன் மைதானத்தின் நாலு மூலையையும் ஓடாமல் நடந்தே சுற்றி வருவான். யாரும் அவனுக்குக் கை கொடுக்கமாட்டார்கள். அந்தப் பந்தை மறுபடி ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. கல்லில் யார் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறதோ அவர் கையில் கொடுத்துவிடுவார்கள், அவர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. முடிவெட்டும் எல்மர் அப்படி ஒரு பந்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். நார்பர்ட்டின் தங்கை ஜாய்ஸும் எடுத்துப்போனாள். இரண்டு பேரும் அந்தந்த வருடத்து முதல் பனிப்பொழிவைப் பார்க்க உயிரோடு இல்லை. ஜாய்ஸின் பெயரை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னவள் வெர்னாதான். சொந்த நாத்தனார் என்று பார்க்கவில்லை.

வெர்னா பொய் சொல்லமாட்டாள் என்பதில் ஊருக்கு அவ்வளவு நிச்சயம். இரண்டு கல்லுக்கு நடுவில் பந்து நின்றால், குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட அடிவைத்து அளந்துவிட்டுத்தான் பெயரைச் சொல்வாள். நடுவரோடு சண்டை போடுகிறவர்கள்கூட அவளோடு போடுவதில்லை. இதையெல்லாம் நம்புகிறாயா என்று ஒருமுறை கேட்டேன். "கல்லுக்குக் கண்ணா இருக்கு? எல்மருக்கு வயசாச்சு, ஜாய்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட்டு குடிச்சா. பந்து என்ன பண்ணும்?" என்றாள். சொன்னபோது வேலிப்பக்கம் பார்க்காமல் சாசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்புகிறவள் ஆர்டிஸ் வாங்கரின். வெர்னாவின் மறுபக்கத்து நாற்காலி அவளுடையது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். குள்ளம், ஓயாத பேச்சு, கறுப்புப் பூனையைப் பார்த்தால் காரைத் திருப்பிக்கொண்டு போகிறவள். கணவன் லீராய் இறந்தபின் அவளுக்கும் ஓர் அரைக்கல் நிற்கிறது. இந்த வசந்தம் முழுக்கக் குடலில் வந்த கட்டிக்கு மருந்து ஏற்றிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரி இதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் ஆர்டிஸே ரொட்டிக்கடை வரிசையில் நின்று எல்லாரிடமும் சொல்லிவிட்ட பிறகு நான் எதைக் காப்பாற்றுவது? கட்டி சுருங்கியிருக்கிறது, இப்போது அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துவிடுவாள் என்று நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. ஆர்டிஸ்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நல்ல சகுனம் கெடச்சாப் போறேன். இல்லேன்னா கத்தியே வேணாம், வீட்லயே இருந்துக்கறேன்" என்றாள் அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

"சகுனம் வேணுமா? நான் கார்ல பெட்ரோல் போட்டுட்டேன். அதான் சகுனம்" என்றாள் வெர்னா.

"வெளயாடாதடி."

"வெளயாடல. முழு டாங்க்."

ஏழாவது இன்னிங்ஸில் வழக்கம்போல எல்லாரும் எழுந்து நின்று பாடிவிட்டு உட்கார்ந்தோம். மூணாவது சீட்டு மட்டையோடு வந்தான். இரண்டாவது பந்தையே அடித்தான். அடித்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து எங்கள் தலைக்கு மேலே போய், வேலி தாண்டி, மேப்பிள் மரத்து இலைகளுக்குள் நுழைந்தது. ஊர் கைதட்டியது. வெர்னா கோப்பையோடு எழுந்தாள். அன்று அவள் முழங்கால் வீங்கியிருந்ததால் நானும் கூடப் போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, வேலியிலிருக்கும் சின்னக் கதவைத் திறந்தாள்.

கல்லறைத்தோட்டம் அந்தக் கதவிலிருந்து மேட்டுப்பக்கமாக ஏறிப் போகும். விழுகிற பந்துகள் சரிவில் உருண்டு வேலிப்பக்கம் திரும்பி வருவதுதான் வழக்கம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அந்தப் பந்து இன்னும் நிற்கவில்லை. மேட்டைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது. வேகமாக அல்ல. யாரோ செருப்பு நுனியால் மெல்லத் தள்ளிக்கொண்டு நடப்பதுபோல.

நான் வெர்னாவின் கையைப் பிடித்தேன். அவள் நின்றுவிட்டாள். பந்து வெர்னாவின் அரைக்கல்லான லுட்கே கல்லைக் கடந்தது. ஒரு பூந்தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனது. மைதானத்துச் சத்தம் நாலடி தள்ளித்தான், ஆனாலும் பக்கத்து ஊரிலிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது. வாங்கரின் கல்லின் வலது பக்கத்தில் போய், ஆர்டிஸ் என்ற எழுத்துகளுக்குக் கீழே, டொக்கென்று முட்டி, பந்து நின்றது.

"பாத்தியா?" என்றாள் வெர்னா.

"பாத்தேன்."

"மேல ஏறுச்சு."

"ஆமா."

அவள் ஒரு வாய் பியர் குடித்தாள். வேலிக்கு அப்பால் க்ளெம் மைக்கில் கூப்பிட்டான்: "வெர்னா, யாரு வீடு? பசங்களுக்குத் தொண்டை காயுது."

வெர்னா குனிந்து பந்தை எடுத்து என் கையில் வைத்தாள். நல்ல வெயில், அடிபட்டு வந்த பந்து. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்றிருந்தது. நான் பதறித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கொண்டுபோய்த் தன் கல்லில், தன் பெயருக்குக் கீழே வைத்தாள். அது உருண்டது, வாங்கரின் பக்கம் பார்த்து. எடுத்து வந்து மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது. மூன்றாவது முறை கோப்பையை முட்டுக் கொடுத்தாள். கோப்பை சாய்ந்து பியர் கொட்டியது. பந்து அதையும் தள்ளிக்கொண்டு நகரப் பார்த்தது.

"சனியனே, கெட" என்று சொல்லி வெர்னா அதன்மேல் காலை வைத்து அழுத்தினாள். வீங்கிய முழங்கால்தான். வலி முகத்தில் தெரிந்தது. அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இப்ப பந்து எங்க இருக்கு?"

"உங்க காலுக்கடியில."

"கால் எங்க இருக்கு?"

"உங்க கல்லுல."

"நல்லாப் பாத்துக்கோ. நான் பொய் சொல்லமாட்டேன்னு உனக்குத் தெரியும்." பிறகு வேலிப்பக்கம் திரும்பி, தினமும் பேருந்தில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில், "லுட்கே" என்று கத்தினாள்.

மைதானம் அடங்கிப்போனது. க்ளெம் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெயரை அவன் திருப்பிச் சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது எல்லார் தொப்பியும் கையில் இருந்தது. மூணாவது சீட்டு தலையைக் குனிந்துகொண்டு நடந்து சுற்றிக்கொண்டிருந்தான், கண்ணைத் துடைத்துத் துடைத்து. வெர்னாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஓடுடா. பஸ்ஸை விட்டவன் மாதிரி ஏன் நடக்குற?"

அவன் ஓடவில்லை. வெர்னா பந்தைச் சட்டைப்பைக்குள் திணித்து, அதன்மேல் கையை வைத்தபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "ப்ராட் ஆறிப்போச்சு" என்றாள். எனக்கு ஊர்மேல் கோபம் கோபமாக வந்தது, ஒரு விளையாட்டை இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்களே என்று. கோபம் வந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

ஆர்டிஸ் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீதான கூடப் போன. எங்க இருந்துச்சு?"

"வெர்னா கல்லுல" என்றேன்.

"உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

இதைச் சொன்னதற்காக நான் ஒரு நிமிடமும் வருந்தியதில்லை. ஆனால் நாங்கள் இருவருமே எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஆர்டிஸ் தன் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு, "அப்ப செவ்வாக்கிழமை நான் போகல. உன்ன இப்படி விட்டுட்டு அங்க போய்ப் படுத்துக்கவா?" என்றாள்.

வெர்னாவின் முகத்தில் நிறம் போனதை அப்போதுதான் பார்த்தேன். கல்லறைத்தோட்டத்தில்கூடப் போகாத நிறம். அவள் கொடுத்த விலை வீணாகப் போகவிருந்தது. கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தாள், வாயில் ஒன்றும் இல்லாமல்.

"ஏண்டி, சகுனம் கேட்டியே. இத விட நல்ல சகுனம் எங்கடி கெடைக்கும்?" என்றாள் கடைசியில். "கல்லுக்கு நம்ம ரெண்டு பேர் பேரும் தெரியும். பக்கத்துல பக்கத்துலதான இருக்கு. என் பேரச் சொல்லிச்சு, உன் பேரச் சொல்லல. அப்படின்னா என்ன அர்த்தம்? உனக்கு இப்ப நேரமில்லைன்னு அர்த்தம். நீ போகாம வீட்ல உக்காந்து செத்தேன்னா கல்லு பொய்யாயிடும். எல்மரு, ஜாய்ஸு எல்லாரும் சும்மா செத்த மாதிரி ஆயிடும்."

ஆர்டிஸ் இதை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நம்புகிறவளை அவள் நம்பிக்கையாலேயே கட்டிப்போடுவது பெரிய சாமர்த்தியம்தான். ஆனால் சொன்னவள் கை சட்டைப்பையை விட்டு வரவே இல்லை.

"நீ என்னடி பண்ணுவ?" என்று ஆர்டிஸ் மெல்லக் கேட்டாள்.

"நான் கார் ஓட்டுவேன். நீ பின்னாடி உக்காரு, முன்னாடி உக்காந்தா வழி சொல்லியே கொல்லுவ."

செவ்வாய்க்கிழமை போனார்கள். அறுத்தார்கள். முழுக்க எடுத்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ரொட்டிக்கடை வரிசையில் அந்தச் செய்தியை ஆர்டிஸுக்குப் பதில் வெர்னா சொன்னாள், தன் சொந்த வெற்றிபோல.

ஆகஸ்ட் தொடக்கத்தில் முழங்கால் களிம்பு வாங்கக் கடைக்கு வந்தாள். காசை என் உள்ளங்கையில் வைத்தபோது அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. அந்த வாரம் ரோசெனாவில் கோழிகள் வெயில் தாங்காமல் செத்துக்கொண்டிருந்தன. நான் விரலைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். அவள் இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வா, ஒண்ணு காட்டணும்" என்றாள்.

சமையலறையில், மாவு டப்பாவுக்குள் பந்தைப் போட்டு மேலே மாவைக் கொட்டி மூடி வைத்திருந்தாள். டப்பாவின்மேல் இரும்புச் சட்டி. அதை இறக்கி மாவைக் கிளறிக் காட்டியதில் என் மடியிலும் மாவு சிதறியது. "மொதல்ல சும்மாத்தான் மேசைல வச்சேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா வாசக் கதவுல முட்டிக்கிட்டு நிக்கும், வெளிய போகணும்னு நாய் நிக்குமே, அது மாதிரி. பின்கதவுக்குப் போறதில்ல. வாசக் கதவுதான். ஆர்டிஸ் வீடு எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியுது."

"பழைய வீடு, தரை சரிவா இருக்கும்" என்றேன். என் தொழில் எனக்கு அப்படித்தான் பேசக் கற்றுத் தந்திருக்கிறது. நிரூபிப்பதற்காக, பையில் இருந்த மாத்திரைக் குப்பி ஒன்றைத் தரையில் படுக்கவைத்தேன். அது பின்கதவைப் பார்த்து உருண்டுபோய் அடுப்புக்கடியில் நுழைந்தது. வெர்னா துடைப்பத்தால் குப்பியை வெளியே தள்ளி எடுத்துக் கொடுத்தாள்.

"ஆத்துல தூக்கிப் போட்டுடுங்களேன்."

"போட்டா எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட இருந்தா நான் பிடிச்சு வச்சுக்குவேன். இது என் பேருல சொன்ன பந்து. ஊரே கேட்டுச்சு." பிறகு என் மடியில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, "முதல் பனி விழற வரைக்கும்தான். அது வரைக்கும் முழங்கால் தாங்குற மாதிரி எதாவது குடு" என்றாள்.

இதை எல்லாம் நான் இப்போது எழுதுவது, ரோசெனாவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாருமில்லை என்ற தைரியத்தில். வெர்னாவிடம் கேட்டேன். "எழுதிக்கோ. என் மூக்கை மட்டும் பெருசா எழுதாத" என்றாள். அவள் மூக்கு சாதாரண மூக்குதான்.

இப்போது பந்து அவள் கைப்பையில் இருக்கிறது. வேலைக்கு, சர்ச்சுக்கு, கடைக்கு, எங்கே போனாலும் கூடவே போகிறது. வீட்டில் விட்டுவிட்டு வர அவளுக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல நுரையை வழித்து உதறுகிறாள், நடுவில் கடிக்கிறாள், கடைசி சீட்டை அதட்டுகிறாள். மூணாவது சீட்டுதான் பழைய மாதிரி இல்லை. வலது பக்கம் அடிக்கப் பயப்படுகிறான். "நீ அடிக்காம ரெண்டு ஆட்டம் தோத்தாச்சு, நான் சாகறதுக்குள்ள ஒண்ணு ஜெயிங்கடா" என்று வெர்னா சத்தமாகவே சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பொரித்த சீஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். போகிறபோது ஆளாளுக்கு வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அது அவளுக்கு எரிச்சல். "நான் என்ன சர்ச்சு மணியா, வர்றவன் போறவன்லாம் தொட?"

போன ஞாயிறு ஆர்டிஸ் மறுபடி வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் பேச்சு குறையவில்லை. ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி மட்டும் மூன்று இன்னிங்ஸ் பேசினாள். டாக்டர் அரைக் கோப்பை பியருக்கு அனுமதி கொடுத்திருந்தார். அந்த அரையை அவள் முக்கால் என்று புரிந்துகொண்டிருந்தாள். பழையபடி வெர்னாவின் தட்டிலிருந்து சாசேஜின் கருகிய நுனியைப் பிய்த்துத் தின்றாள். வெர்னா திட்டினாள். மூன்று நாற்காலிகளும் வரிசையாக இருந்தன. இவ்வளவு நன்றாக ஒரு பிற்பகல் எனக்கு வாய்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது இன்னிங்ஸின்போது மேகம் மூடிக் காற்று மாறியது. ஆகஸ்ட் கடைசியில் இங்கே அப்படித்தான், ஒரு நிமிடத்தில் கோடை போய்விடும். ஆர்டிஸ் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

"குளுருதுடி. நீ பையில எப்பவும் இன்னொரு ஸ்வெட்டர் வச்சிருப்பியே" என்று சொல்லி, இருவருக்கும் நடுவில் புல்லில் இருந்த வெர்னாவின் கைப்பைக்குள் கையை நீட்டினாள்.

அந்த முழங்காலோடு வெர்னா அவ்வளவு வேகமாக அசைவாள் என்று நான் நினைக்கவில்லை. பையைக் காலால் இழுத்துத் தன் நாற்காலிக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். "அது துவைக்காதது" என்றாள். பிறகு தான் போட்டிருந்த ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றி, ஆர்டிஸின் தலையில் மாட்டி, ஒவ்வொரு கையாக உள்ளே விட்டு, கழுத்து வரை இழுத்துவிட்டாள். ஆர்டிஸ் உள்ளிருந்தே ஆஸ்பத்திரிச் சூப்பைத் தொடர்ந்தாள். வெர்னா வெறும் அரைக்கைச் சட்டையோடு, கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, முன்னால் நடக்கிற ஆட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கால் பையின்மேல் இருந்தது. பை ஒரு தடவை அசைந்தது. அவள் இடது காலையும் தூக்கி அதன்மேல் வைத்தாள்.